சாது சுந்தர் சிங்: பினாங்கு வழியாகப் போன காவி உடைக் கிறிஸ்தவர் யார்?

உங்கள் சொந்தத்திலோ பக்கத்து வீட்டிலோ 'சுந்தர் சிங்' என்ற பெயரில் ஒரு மாமா இருக்கிறாரா? தலையில் டர்பன் கிடையாது. பஞ்சாபியில் ஒரு வார்த்தை தெரியாது. வீட்டில் சுத்தமான திருநெல்வேலித் தமிழ்தான். ஆனால் அடையாள அட்டையில் பெயர் சுந்தர் சிங்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம் வேர் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் இது ரொம்ப சாதாரணமான பெயர். அப்படியானால் இந்தப் பெயர் அங்கே எப்படிப் போனது?

பஞ்சாபில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவராக மாறி, காவி உடுத்தி, செருப்பில்லாமல் நடந்த ஓர் இளைஞரிடமிருந்து வந்த பெயர் அது. 1918-இல் அவர் தமிழ் ஊர்களுக்கு வந்தார். அதே ஆண்டில் கப்பலேறி பினாங்குக்கும் வந்தார். அப்போது அவருக்கு 29 வயதுகூட நிரம்பியிருக்கவில்லை, அல்லது அப்போதுதான் நிரம்பியிருந்தது.

அவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள ஒரு காரணம் உண்டு. கிறிஸ்தவர்கள் 'சாட்சி' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். தன் நம்பிக்கையை மறைக்காமல் அடுத்தவரிடம் சொல்வது என்று அர்த்தம். அலுவலகத்தில், கல்லூரி விடுதியில், வாட்ஸ்அப் குழுவில் இதை எப்படிச் செய்வது, செய்யலாமா, செய்தால் நண்பர்கள் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கம் உங்களுக்கே இருக்கலாம். இன்னொரு பக்கம், யாராவது தன் மதத்தைப் பற்றி உங்களிடம் பேச ஆரம்பித்ததும் எரிச்சலாகி எழுந்து போயிருக்கவும் கூடும். சுந்தர் சிங்கின் வாழ்க்கை இந்த இரண்டு பக்கத்தையும் தொடுகிறது.

அம்மா காட்டிய வழி

சுந்தர் சிங் பிறந்தது 1889 செப்டம்பர் 3. ஊர் பஞ்சாபில் உள்ள ராம்பூர். அப்பா சர்தார் ஷேர் சிங், வசதியான நிலக்கிழார். ஆனால் பையனின் வாழ்க்கையைத் தீர்மானித்தது அம்மாதான்.

அவர் பக்தி மிகுந்தவர். சீக்கிய மரபோடு இந்து சாதுக்களிடமும் பெரும் மரியாதை வைத்திருந்தார். கடைசி மகனைக் கூட்டிக்கொண்டு காட்டில் இருந்த ஒரு சாதுவிடம் போவார். நீயும் ஒருநாள் சாதுவாக வேண்டும் என்பதுதான் மகனிடம் அவர் சொல்லி வளர்த்த ஆசை. ஏழு வயதுக்குள் பையன் பகவத் கீதையை மனப்பாடம் செய்துவிட்டான். பிறகு கிரந்தம், உபநிடதங்கள், குர்ஆன் என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் வாசித்தான்.

14 வயதில் அம்மா இறந்துபோனார். அந்த இழப்பு கோபமாக மாறியது. அவன் படித்துக்கொண்டிருந்தது ஊரில் இருந்த அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் மிஷன் பள்ளியில். அங்கே கட்டாயமாக பைபிள் பாடம் உண்டு. அந்நிய மதத்தை நம்மிடம் திணிக்கிறார்கள் என்று பையனுக்கு ஆத்திரம். பிரசங்கம் செய்தவர்கள் மீது கல்லெறிந்திருக்கிறான். 1904 டிசம்பரில், அப்பா தடுத்தும் கேட்காமல், வீட்டு முற்றத்தில் ஒரு சுவிசேஷப் புத்தகத்தைக் கிழித்து எரித்தான்.

மூன்றாவது நாள் விடியற்காலை, கடவுள் இருந்தால் காட்டட்டும், இல்லையென்றால் ஐந்து மணி ரயிலில் தலை வைத்துவிடுகிறேன் என்ற முடிவோடு ஜெபம் செய்திருக்கிறான். அறையில் ஓர் ஒளி தோன்றியது, அதில் தான் எதிர்பார்த்த கிருஷ்ணரோ குருவோ வரவில்லை, இயேசுவைக் கண்டேன் என்று பிறகு வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். அது தரிசனமா, துக்கத்தில் உடைந்துபோயிருந்த பதினைந்து வயதுப் பையனின் மனநிலையா என்பதை வாசிக்கிறவர்கள் அவரவர் நம்பிக்கைப்படி எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காலையிலிருந்து அவர் பின்வாங்கவில்லை என்பது மட்டும் வரலாறு.

கூந்தலை வெட்டிய இரவு

குடும்பம் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பையன் சரியாகிவிடுவான் என்று நினைத்தார்கள். பிறகு கெஞ்சினார்கள். ஒரு பெரியப்பா வீட்டு நிலவறைக்குக் கூட்டிப்போய்ப் பணத்தையும் நகைகளையும் காட்டி, இதெல்லாம் உனக்குத்தான், மனசை மாற்றிக்கொள் என்றாராம்.

அவர் தன் நீண்ட கூந்தலை வெட்டிக்கொண்டார். சீக்கியக் குடும்பத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா வீட்டைவிட்டு அனுப்பினார். கிளம்பும்முன் கொடுத்த சாப்பாட்டில் விஷம் கலந்திருந்தது என்றும், வழியில் கடுமையாக நோயுற்று ஒரு பாதிரியார் வீட்டில் பிழைத்தார் என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

1905 செப்டம்பர் 3, பதினாறாவது பிறந்தநாளில், சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார்.

வேறொரு மிஷன் பையனாக இருந்திருந்தால் அடுத்து என்ன நடந்திருக்கும்? கோட்டும் சூட்டும் வந்திருக்கும், ஓர் ஆங்கிலப் பெயர் சேர்ந்திருக்கும், மிஷன் வளாகத்தில் ஒரு வேலை கிடைத்திருக்கும். சுந்தர் சிங் அந்த வழியில் போகவில்லை. சரியாக 33 நாள் கழித்து, அக்டோபர் 6-ஆம் தேதி, காவி உடுத்திக்கொண்டு வெறுங்காலோடு கிளம்பினார். கையில் உருது புதிய ஏற்பாடு ஒன்று. காசு கிடையாது. தங்க இடம் கிடையாது. பெயரில் இருந்த சிங் அப்படியே இருந்தது. அம்மா ஆசைப்பட்டது போலவே மகன் சாதுவாகிவிட்டான், ஆனால் அம்மா நினைத்துப் பார்க்காத ஒருவருக்கு. தன்னைச் சாதுவாக்கியது அம்மாதான் என்று கடைசிவரை நன்றியோடு சொன்னார்.

தண்ணீர் ஒன்றுதான், பாத்திரம்தான் பிரச்சினை

ஏன் காவி? இதற்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சம்பவம் இருக்கிறது.

கொளுத்தும் வெயிலில் ஒரு ரயில் நிலையம். உயர்சாதிக்காரர் ஒருவர் மயங்கி விழுகிறார். ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிப்போய் தன் டம்ளரில் தண்ணீர் கொண்டு வருகிறார். உயிர் போகிற நிலையிலும் அந்த மனிதர் வேண்டாம் என்கிறார். அடுத்தவர் பாத்திரத்தில் குடித்தால் தீட்டு. பிறகு யாரோ அவருடைய சொந்தப் பாத்திரத்திலேயே தண்ணீரை ஊற்றிக் கொடுக்க, மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார்.

கிறிஸ்தவ மிஷன்கள் இந்தியாவில் செய்துகொண்டிருந்தது இதுதான் என்பது அவரது வாதம். தண்ணீரை ஐரோப்பியக் கோப்பையில் நீட்டினார்கள், மக்கள் கோப்பையைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள்.

இன்று இந்தக் கதையைக் கேட்டால் உங்களுக்கு வேறொரு கேள்வியும் வரலாம். சாதித் தீட்டைக் கேள்வி கேட்காமல், பாத்திரத்தை மாற்றிக் கொடுத்தால் போதுமா? நியாயமான கேள்விதான். இந்து மதம் வாய்க்கால் வெட்டி வைத்தது, அதில் ஓட வேண்டிய நீர் கிறிஸ்து என்ற பொருளில் அவர் பேசியதும், ஓர் இந்து வாசகருக்கு அவ்வளவு இனிப்பாக இருக்காது. ஆனால் தான் விட்டு வந்த நூல்களையும் மனிதர்களையும் ஏளனம் செய்யாதவர் அவர். புத்தகத்தை எரித்த பழைய பையனோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

அரிவாள் பிடித்த பிரசங்கி

அவருடைய பேச்சைவிட நடந்துகொண்ட விதத்தைப் பற்றித்தான் கதைகள் அதிகம். ஒன்றைப் பாருங்கள்.

மலைப் பகுதியில் ஒரு வயல். அறுவடை நடந்துகொண்டிருக்கிறது. இவர் போய் இயேசுவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். வேலை நேரத்தில் வந்து தொந்தரவு செய்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? திட்டினார்கள். ஒருவர் கல்லை எடுத்து எறிந்தார். இவர் தலையில் ரத்தம். சற்று நேரத்தில் கல்லெறிந்தவருக்கே தாங்க முடியாத தலைவலி வந்து, அறுக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். சுந்தர் சிங் அவருடைய அரிவாளை எடுத்துக்கொண்டு அவர் பங்கு வேலையை அறுத்து முடித்தார். மாலையில் அவர்களே வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள்.

கல்லெறிந்தவரின் தலைவலியைத் தெய்வத் தண்டனை என்று சொல்லிக் கதையைக் கட்டியவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அரிவாள்தான்.

சபாத்து என்ற மலை ஊரில் தொழுநோயாளிகள் இல்லம் இருந்தது. அங்கே சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்க இளைஞரோடு சேர்ந்து நோயாளிகளைக் கவனித்தார். லாகூர் அருகே பிளேக் முகாமிலும் இருவரும் வேலை செய்தார்கள். இந்த ஸ்டோக்ஸ் யார் தெரியுமா? இமாச்சலத்தில் ஆப்பிள் சாகுபடியைப் பரப்பியவர் என்று இன்று அறியப்படுகிறவர். பிறகு காங்கிரஸில் சேர்ந்தார், 1932-இல் இந்துவாக மாறி சத்யானந்த் ஆனார். ஒரே இல்லத்தில் புண் கழுவிய இரண்டு நண்பர்கள், எதிரெதிர் திசையில் மதம் மாறியவர்கள்.

1909-இல் லாகூரில் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார் சுந்தர் சிங். பிரசங்க உரிமமும் கிடைத்தது. ஆனால் உரிமம் வைத்திருந்தால் குறிப்பிட்ட சபை எல்லைக்குள்தான் இயங்க வேண்டும் என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு எந்தச் சபைக்கும் ஊழியர் இல்லை. தனக்கென ஓர் ஆசிரமமோ இயக்கமோ தொடங்கவில்லை. காணிக்கை வசூலிக்கவில்லை. இவர் பேச்சைக் கேட்டு ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களை அந்தந்த ஊர்ச் சபைகளுக்கு அனுப்பிவிடுவார், தானே கொடுக்க மாட்டார்.

பினாங்கில் ஒரு பஞ்சாபி

1918 தொடக்கத்தில் தென்னிந்தியா. சென்னை, திருநெல்வேலி, திருவிதாங்கூர், பிறகு இலங்கை. இவருக்குத் தமிழ் தெரியாது. உருதுவில் அல்லது ஹிந்துஸ்தானியில் பேசுவார், பக்கத்தில் ஒருவர் நின்று மொழிபெயர்ப்பார். இருந்தும் கூட்டம் ஆயிரக்கணக்கில் திரண்டது. காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பிரசங்கி என்றால் வெள்ளைக்காரர், அல்லது வெள்ளைக்காரர் போல உடுத்தியவர் என்று பழகிய மக்களுக்கு முன்னால், நம்ம ஊர் சாமியார் மாதிரி ஒருவர் வந்து தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அங்கிருந்து கிழக்கே பயணம். பர்மா, பினாங்கு, சிங்கப்பூர், அதைத் தாண்டி ஜப்பான், சீனா.

அந்தக் காலப் பினாங்கைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். தமிழ்நாட்டிலிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் வந்து இறங்கிய துறைமுகம். நீங்கள் இன்று ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடந்தால், ஆங்கிலிக்கன் சபையின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோவில், மகா மாரியம்மன் கோவில், பள்ளிவாசல் நான்கையும் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். 1918-இலும் இவை நான்கும் அங்கே இருந்தன. 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜுக்கு அப்போது சரியாக 100 வயது. காவல்துறையில் சீக்கியர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களுக்காக நகரில் குருத்வாராவும் இருந்தது.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அவர் வியப்பு. சீக்கியர்களுக்கு? கூந்தலை வெட்டி, குருவின் வழியை விட்டுப் போன நம் வீட்டுப் பையன். ஆனால் பினாங்கில் சீக்கியர்கள் மத்தியிலும் அவர் பேசினார், அவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். சொந்த அப்பாவே துரத்திவிட்ட காரணத்தை, அப்பா வயதுச் சீக்கியர்கள் முன்னால் நின்று சொல்வது சுலபமான வேலை இல்லை. தெரியாத ஊரில் தெரியாதவர்களிடம் மதம் பேசுவதைவிட இது கஷ்டம். வீட்டு விசேஷத்தில், ஏற்கெனவே உங்களை எடைபோட்டு வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் முன்னால் மனதில் இருப்பதைச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இன்றைய மலேசியாவில் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே வேறு மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்கள் சட்டம் இயற்றலாம் என்கிறது. சுந்தர் சிங் வந்தது இந்த அரசியலமைப்புக்கு 39 ஆண்டுகள் முன்பு, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில்.

அப்பா வாங்கிக் கொடுத்த டிக்கெட்

இந்தக் கிழக்குப் பயணம் முடிந்து 1919-இல் ஊர் திரும்பினார். ராம்பூருக்குப் போனார். 14 ஆண்டுகளுக்கு முன் வாசலில் நிறுத்தி அனுப்பிய ஷேர் சிங், இப்போது வேறு ஆளாக இருந்தார். மகனின் நம்பிக்கையைத் தானும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். தனக்கு நீயே ஞானஸ்நானம் கொடு என்று அப்பா கேட்டும், மகன் வழக்கம்போல மறுத்துவிட்டார். 1920-இல் இங்கிலாந்து போகக் கப்பல் கட்டணம் கொடுத்தது அந்த அப்பாதான்.

இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, 1922-இல் மறுபடி சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, சுவீடன் என்று போன இடமெல்லாம் கூட்டம். படத்தில் பார்த்த இயேசு மாதிரியே இருக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. அவருக்கோ ஏமாற்றம்தான் மிஞ்சியது. கிறிஸ்தவ நாடு என்று நினைத்து வந்த இடத்தில் ஜெபிக்க நேரமில்லாத, பணத்தின் பின்னால் ஓடும் மனிதர்களைப் பார்த்தேன் என்ற கருத்தை மேடையிலேயே சொன்னார்.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த தமிழர் ஒருவர் அப்போது அவரோடு உட்கார்ந்து நீண்ட நேரம் பேசினார். பாளையங்கோட்டையைச் சேர்ந்த ஏ. ஜே. அப்பாசாமி. பி. எச். ஸ்ட்ரீட்டரோடு சேர்ந்து 1921-இல் அவர் எழுதிய 'தி சாது' என்ற ஆங்கில நூல் மேற்கில் பரவலாக வாசிக்கப்பட்டது. அப்பாசாமி பிற்காலத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர் பேராயர் ஆனார்.

சொன்னதெல்லாம் உண்மையா?

இதைத் தாண்டிப் போக முடியாது. புகழ் கூடக்கூட சந்தேகமும் கூடியது.

திபெத்தில் தன்னைப் பாழுங்கிணற்றில் தள்ளிப் பூட்டினார்கள், மூன்றாம் நாள் இரவில் யாரோ தூக்கிவிட்டார்கள் என்றார். கைலாச மலையில் 300 வயதைத் தாண்டிய ஒரு கிறிஸ்தவ மகரிஷியைச் சந்தித்தேன் என்றார். இந்தியா முழுவதும் ரகசியமாக இயங்கும் பல்லாயிரம் பேர் கொண்ட சன்னியாசி இயக்கம் ஒன்று இருப்பதாகவும் சொன்னார். ஹோஸ்டன் என்ற ஜேசு சபைப் பாதிரியாரும், ஆஸ்கர் ஃபிஸ்டர் என்ற சுவிஸ் உளப்பகுப்பாய்வாளரும் இவற்றைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். ஜெர்மானியப் பேராசிரியர் ஃபிரெடெரிக் ஹைலர் அவருக்கு ஆதரவாக எழுதினார். ஐரோப்பாவில் பல ஆண்டுகள் இந்தச் சண்டை நடந்தது. மகரிஷியும் ரகசிய இயக்கமும் இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

தனிமையில் பனிமலைகளில் வாரக்கணக்கில் நடந்து, பட்டினி கிடந்து, ஜெபத்தில் மூழ்கிய ஒருவருக்குக் கண்டதும் காட்சியும் கலந்திருக்கலாம். எல்லாவற்றையும் பொய் என்று ஒதுக்குபவர்களும், ஒரு வரி விடாமல் நம்புபவர்களும் இன்றும் இருக்கிறார்கள். இணையத்தில் சுற்றும் சாது சுந்தர் சிங் அற்புதக் கதைகளை ஃபார்வர்ட் செய்யும்முன் இது உங்கள் ஞாபகத்தில் இருக்கட்டும்.

அதே சமயம், யாரும் மறுக்காத பகுதி ஒன்று உண்டு. வீட்டை இழந்தார், சொத்தை விட்டார், தொழுநோயாளிகளோடு இருந்தார், உலகப் புகழ் வந்த பிறகும் அதே காவி, அதே வெறுங்கால். தன் நம்பிக்கையைச் சொன்னதற்கான செலவை அடுத்தவர் தலையில் கட்டாமல் தானே கொடுத்தார்.

கடைசிப் பயணம்

1920-களின் நடுவில் உடல் ஒத்துழைக்க மறுத்தது. பார்வை மங்கியது, இதயம் பலவீனமானது. சபாத்தில் ஒரு பழைய வீட்டில் தங்கி சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதினார். கோடை வந்து பனி உருகினால் திபெத் ஞாபகம் வந்துவிடும். போக முயன்று பாதியில் நோயோடு திரும்பியதும் உண்டு. டாக்டர்கள் வேண்டாம் என்றார்கள். நண்பர்கள் தடுத்தார்கள்.

1929 ஏப்ரல் 18-ஆம் தேதி, நண்பர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டு மறுபடி திபெத்துக்குக் கிளம்பினார். அவருக்கு வயது 39.

கோடை முடிந்தும் ஆள் திரும்பவில்லை. தெரிந்தவர்கள் மலைப்பாதைகளில் போய்த் தேடினார்கள். வியாபாரிகளிடம் விசாரித்தார்கள். உடலோ, பையோ, புத்தகமோ எதுவும் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் காத்திருந்து, 1933-இல் இந்திய அரசு அவர் இறந்துவிட்டதாக ஏற்றுக்கொண்டது.